பசையை மென்ற மான்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் மாமாவுக்கு ரொட்டியும் அவித்த முட்டையும். எனக்கும் அதுவே. முட்டைக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "சாப்பிட்டுக்கிட்டுத்தானம்மா இருக்கே," என்றார். ஆமாம், சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். இன்னொரு வாய் வைத்துப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. உப்புக் குப்பியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

மகன் போன வீட்டில் மாமனாரும் மருமகளும். புதிதாகப் பார்க்கிறவர்கள் எங்களுக்குள் என்ன உறவு என்று ஒரு கணம் குழம்புகிறார்கள். நாங்கள் குழம்புவதில்லை. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து தட்டைக் காலி செய்கிறோம். அவர் உட்கார்ந்தால் சாப்பாட்டு வேளை என்று எனக்குத் தெரிகிறது. இல்லாவிட்டால் தெரியாது.

அருங்காட்சியகத்தில் பன்னிரண்டாம் தட்டு என் மேஜைக்கு வந்துவிட்டது. தீவுக் குகையிலிருந்து எடுத்த மான் பற்கள், எல்லாவற்றிலும் சின்ன வகை. போன வருடம் உள்ளறையில் மண் போகத் துலக்கி முடித்தவை. இப்போதுதான் என் முறை.

பிப்ரவரி 12, புதன்

பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கொம்பர் என்னைப் பேசச் சொன்னார். துறைத் தலைவருக்குக் கொம்பர் என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர்தான். முப்பது வருடம் மான் கொம்பைப் பற்றியே எழுதிய மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பார்.

எப்போதும் சொல்வதையே சொன்னேன். தீவுக்கு நீந்தி வந்தது ஒரே ஒரு வகை மான். அங்கே புலியும் இல்லை, ஓநாயும் இல்லை. துரத்த ஆளில்லை என்றதும் தலைமுறை தலைமுறையாகக் கால் குட்டையாகிவிட்டது. தீனிக்குப் போட்டி கூடியதும் ஆறு வகையாகப் பிரிந்து ஒவ்வொன்றும் ஒரு உயரத்தில் நின்றுவிட்டது. எல்லாவற்றிலும் சின்னது என் முழங்காலைவிடக் கொஞ்சம்தான் உயரம். பிறகு ஒன்றுமே மிஞ்சவில்லை.

என்ன தின்றன என்று எப்படித் தெரியும்? பல்லுக்கு அச்சு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். புல் தின்றால் நீளக் கீறல். பட்டை, கெட்டி இலை, கொட்டை கடித்தால் குழி.

முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "அது பொறந்ததுலேருந்து சாப்பிட்டது எல்லாமே தெரியுமா?"

தெரியாது, பல் தேயத் தேயப் பழைய கீறல் அழிந்துபோகும், கடைசிச் சில வாரம் தின்றதுதான் மிஞ்சும் என்றேன்.

"அப்ப சாகறதுக்கு முன்னாடி சாப்பிட்டது மட்டுமா?"

ஆமாம் என்றேன். ஆசிரியை அவளை மெதுவாகப் பின்வரிசைக்கு இழுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்று யோசித்தேன். முந்திய இரவு சூப். அன்று காலையில் ஒன்றும் இல்லை, தலைவலி என்று அப்படியே வேலைக்குப் போனார். மதியத்துக்குள் உள்ளறையில் தன் நாற்காலியிலேயே முடிந்துவிட்டது. தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்ததாம். யோசித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். மழை.

பிப்ரவரி 17, திங்கள்

கொம்பர் கோட்டைக் கழற்றாமல் நேராக என் மேஜைக்கு வந்தார். பன்னிரண்டாம் தட்டின் முதல் ஐந்து பற்களும் ஒரே மாதிரி. நீள நீளமாகக் கீறல். குழி பேருக்குக்கூட இல்லை.

"புல்லு. சுத்தமான புல்லு. நான் சொன்னேனா இல்லையா?"

சொன்னார்தான். நான் இங்கே சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறார். சின்ன மான்கள் கடைசிக் காலத்தில் முழுக்கப் புல்லுக்கு மாறிவிட்டன, அதற்காகத்தான் பல் உயரமாக வளர்ந்தது, பிறகு மழை பொய்த்தது, புல் காய்ந்தது, கதை முடிந்தது. இதுதான் அவர் கட்சி. இத்தனை காலம் கையில் ஒன்றும் இல்லாமல் வாயாலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஐந்து பல் கிடைத்துவிட்டது.

"கட்டுரையை எழுத ஆரம்பிச்சிடலாம். கோடைக்குள்ள புதுக் கூடத்துல பலகையும் வச்சிடலாம்," என்றார். கையைத் தேய்த்துக்கொண்டே போனார்.

ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே, எனக்கும் ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்தேன். கால் ஜில்லென்று இருந்தது. அடித்தளத்தில் ஹீட்டர் மறுபடி நின்றுவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒன்றும் இல்லை. மூன்று பல்.

பிப்ரவரி 20, வியாழன்

ஒன்பதாவது பல்.

இந்தப் பல் குகையிலேயே இரண்டாக உடைந்து கிடந்தது. போன வருடம் உள்ளறையில் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய கோடு மைக்ராஸ்கோப்பில் ஒரு சின்ன வாய்க்கால் போலத் தெரியும். கீறல்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தொடங்கி, பசைக்கு மேலேயே ஓடி, அந்தப் பக்கம் போய் முடிகின்றன. ஒன்றிரண்டு இல்லை, கற்றை கற்றையாக.

செத்துப் பல்லாயிரம் வருடம் கழித்து ஒரு மான் எழுந்து வந்து போன வருடத்துப் பசையை மென்றதா?

மென்ற கீறல் இல்லை இது. துலக்கிய கீறல்.

பல்லின் மெல்லும் பரப்பைத் துலக்கத் தண்ணீர், பஞ்சு, மூங்கில் சீவல். அவ்வளவுதான். பேனா போல இருக்குமே கண்ணாடி நார் பிரஷ், அது வேருக்கும் எலும்புக்கும் மட்டும். உள்ளறையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடமே இதுதான். யாரோ அந்த பிரஷ்ஷை மெல்லும் பரப்பில் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தட்டிலிருந்த எல்லாப் பற்களையும் மறுபடி பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே சாய்வு.

துலக்கும்போது பல்லை மணல் தட்டில் நிறுத்தும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான், வேர் கீழே, கன்னப் பக்கம் நம் பக்கம். அப்படி வைத்துப் பார்த்தால் கீறல்கள் மேலே இடதில் தொடங்கிக் கீழே வலதில் முடிகின்றன. பென்சிலை எடுத்துக் காகிதத்தில் சும்மா கிறுக்கிப் பார்த்தேன். எதிர்ச் சாய்வு வந்தது. இடது கைக்கு மாற்றிக் கிறுக்கினேன். பல்லில் இருந்த அதே சாய்வு.

காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். கொம்பரிடம் நாளை சொல்லியாக வேண்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

சொன்னேன். மைக்ராஸ்கோப்பில் அவரே பார்த்தார். நெடுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை.

என் கிறுக்கல் காகிதத்தைப் பார்த்தார். அவரும் இரண்டு கையாலும் கிறுக்கிப் பார்த்தார். "நம்மகிட்ட நொட்டாங்கை ஒருத்தன்தானே," என்றார்.

உள்ளறையில் இரண்டு மேஜை. ஒன்று என் வீட்டுக்காரருடையது, காலி. மற்றது நொட்டாங்கையுடையது. இடது கையால் கையெழுத்துப் போடுவதால் எல்லோருக்கும் அவன் நொட்டாங்கைதான், சம்பளப் பிரிவில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்குக் கீழே வேலை பழகியவன். அவரை அண்ணே என்பான், என்னை அண்ணி என்பான். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. இந்த மார்ச்சில் முடிகிறது. வீட்டில் இரட்டைக் குழந்தைகள், இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை.

கொம்பர் கூப்பிட்டனுப்பினார். அச்சைக் காட்டினார். "இது என்ன வேலைப்பா?"

"நான் பண்ணலை சார்."

"அப்ப யாரு பண்ணினது? உங்க அண்ணனா? பதினாறு வருஷம் என் முன்னாடி கையெழுத்துப் போட்ட மனுஷன். வலது கை."

நொட்டாங்கை என்னைப் பார்த்தான். ஏதோ கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பண்ணலை சார்," என்று இன்னொரு தடவை சொன்னான்.

"மார்ச்சோட சரி. போ."

நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 22, சனி

எழுதுவது மட்டும்தான் என் வீட்டுக்காரருக்கு வலது கை. பள்ளிக்கூடத்தில் மாற்றிவிட்ட கை. சவரம், ஆப்பிள் தோல் சீவுவது, ஊசியில் நூல் கோப்பது, பல் துலக்குவது – தன் பல்லோ மானின் பல்லோ – எல்லாம் இடது. இது தெரிந்தவர்கள் மாமா, நான், பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவன். அவ்வளவு பேர்தான்.

அவன் ஏன் சொல்லவில்லை? சரி, நான் ஏன் சொல்லவில்லை? அவர் இப்படிச் செய்கிறவர் இல்லை, அதனாலா? அப்படியென்றால் இவன் செய்கிறவன் என்று ஆகிவிடுமா?

துணி துவைத்துப் போட்டேன். காயவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு அருங்காட்சியகம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது மற்றவர்கள் ஓட்டுவதில் குறை கண்டுபிடித்துக்கொண்டே போய் இறங்குவார். தரைத்தளத்தில் சின்ன மானின் எலும்புக்கூடு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பெஞ்ச். அதில் உட்கார்ந்துவிட்டால் யாராவது வந்து நிற்கிற வரை பொறுமையாக இருப்பார். வந்து நின்றால் போதும்: "ஒவ்வொரு எலும்பும் என் பையன் துலக்கினது. ஒரு கீறல் இருக்கா, பாத்துச் சொல்லுங்க." காவலாளிக்கு இது மனப்பாடம். மாமா இருமினால் அவரே மீதியைச் சொல்லிவிடுவார்.

இன்று நானும் கூடப் போனேன். ஒரு அம்மாள் பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து, கண்ணாடியில் மூக்கு ஒட்ட, கால் எலும்பிலிருந்து கொம்பு வரைக்கும் பார்த்தார். "இல்லீங்க. ஒரு கீறல்கூட இல்லை," என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன்.

திரும்பும்போது பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் குலுங்கியது. மாமா ஓட்டுநரை ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவு திருப்தி. இவரிடம் போய் நான் என்னத்தைச் சொல்வது?

பிப்ரவரி 25, செவ்வாய்

நொட்டாங்கை இல்லாத நேரம் பார்த்து உள்ளறைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் டிராயரை யாரும் காலி செய்யவில்லை. செய்கிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கண்ணாடி நார் பிரஷ்ஷை எடுத்து வந்தேன். நொட்டாங்கை மேஜையிலிருந்து அவனுடையதையும்.

தேய்மானம் படிப்பது என் பிழைப்பு. பல்லைப் படிக்கிறவள் பிரஷ்ஷைப் படிக்க மாட்டேனா?

நொட்டாங்கையின் பிரஷ் முனை தட்டையாக, புதிது மாதிரி இருக்கிறது. அவருடையது ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது. நுனியில் இரண்டு நார்கள் மட்டும் தேயாமல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. பல்லில் இருக்கும் கீறல் கற்றைகளிலும் மெல்லிய கோடுகளுக்கு நடுவே ஆழமாக இரண்டு கோடுகள் வருகின்றன. இடைவெளியை அளந்தேன். சரியாக இருந்தது. வேறு பல்லில் அளந்தேன். அதிலும் சரியாக இருந்தது.

பிரஷ்ஷும் பல் போலத்தான். கடைசிச் சில வாரம் செய்ததைத்தான் காட்டும்.

ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். பயமாக இருக்கிறது. ஒரு எலும்பை எடுத்தால் தூங்குகிற குழந்தையை எடுக்கிறாற்போல் எடுக்கிற மனிதர். அவர் கைக்கு என்ன ஆயிற்று?

பிப்ரவரி 27, வியாழன்

கழுவும் தொட்டியில் அச்சுகளை அலசிக்கொண்டிருந்தேன். நொட்டாங்கை பக்கத்துக் குழாய்க்கு வந்து நின்றான்.

"அண்ணி, என் பிரஷ்ஷை எடுத்த இடத்துல வைக்கலை நீங்க. அண்ணன் டிராயரும் சரியா மூடலை."

"உனக்கு முதல்லேயே தெரியுமில்ல. ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? எனக்கு வேற வேலை கிடைக்கும் அண்ணி. அண்ணனுக்கு வேற பேரு கிடைக்குமா?"

"ரெண்டு குழந்தையை வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

குழாயை மூடினான். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். அந்தத் தட்டு அவருடைய கடைசித் தட்டு. தண்ணீரும் பஞ்சும் வைத்துத்தான் ஆரம்பித்தார். பிறகு மூங்கில். பிறகுதான் அந்த பிரஷ்.

"'இன்னும் அழுக்கு இருக்குடா, படலமா இருக்குடா'ன்னுவாரு. நான் வாங்கிப் பாப்பேன். பளிச்சுன்னு இருக்கும். 'ஒண்ணுமில்லண்ணே'ன்னா, 'உனக்குக் கண்ணு அவ்வளவுதான்'னுவாரு. கண்ணாடி மாத்துங்கண்ணேன்னேன். மாத்தணும் மாத்தணும்னாரு. நான் துலக்கறேன்னு கேட்டும் பாத்தேன். 'நீ உன் தட்டைப் பாரு'ன்னுட்டாரு. அதுக்கு மேல நான் எப்படி அண்ணி அவர் கையிலேருந்து பிடுங்கறது?"

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் –

டம்ளர். அடக் கடவுளே, டம்ளர். நான் கழுவி அடுக்கின டம்ளரை எடுத்து எடுத்துத் திரும்பக் கழுவினாரே. புகை புடிச்ச மாதிரி இருக்குன்னாரே. என் கை கழுவினது உங்களுக்கு ஆகலையான்னு நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே. டம்ளர்ல இல்லை. பல்லுலயும் இல்லை. கண்ணுல இருந்திருக்கு. அப்பவே தலைக்குள்ள என்னமோ ஆரம்பிச்சிருக்கு. அவருக்கே தெரியலை. அழுக்குன்னே நெனச்சுக்கிட்டுத் தேய்ச்சிருக்காரு, தேய்ச்சுக்கிட்டே இருந்திருக்காரு. வெளிய எல்லாமே அழுக்காத் தெரிஞ்சிருக்கு அவருக்கு. என் மூஞ்சி கூடவா?

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

நொட்டாங்கை இடத்துக்கு ஆள் தேடும் விளம்பரத்தைக் கொம்பர் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டாராம்.

மார்ச் 2, ஞாயிறு

மாமா அருங்காட்சியகத்துக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறும் இப்படியே போய்விடும். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பசை, பிரஷ், நொட்டாங்கை, டம்ளர். ஒரு ஷூவோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"கீறிட்டானா?"

"ஆமா மாமா. தட்டு முழுக்க."

"பேப்பர்ல தலைப்பு மட்டும் என்னைப் படிச்சுக் காட்டச் சொன்னான், கடைசியில. கிழவனுக்குப் பொழுது போகட்டும்னு சொல்றான்னு நெனச்சேன்."

இது எனக்குத் தெரியாது. எதிர்வீட்டில் யாரோ கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த நொட்டாங்கைப் பையன், சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தான் பாரு, அவன்தானே?"

"அவன்தான்."

"அப்புறம் எங்கிட்ட என்ன கேக்கறே? போய்ச் சொல்லு."

"உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு என்ன? அவன் என் பையன். கீறினாலும் என் பையன்தான்." ஷூவைக் கழற்றினார். "இன்னைக்குப் போகலை. முழங்கால் வலிக்குது." போய்ப் படுத்துக்கொண்டார். மதியம் சாப்பாட்டு மேஜைக்கு வரவில்லை. அதனால் நானும் சாப்பிடவில்லை.

மார்ச் 3, திங்கள்

கொம்பர் நம்பவில்லை. "துக்கத்துல இருக்கீங்க. அந்தப் பையன் மேல இரக்கம். எனக்குப் புரியுது," என்றார்.

பிரஷ்ஷையும் அளவுகளையும் மேஜையில் வைத்தேன். "பிரஷ்ஷை யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாமே," என்றார். சரியான கேள்விதான். அவர் முட்டாள் இல்லை.

"உள்ளறைக்கு ஒரு நிமிஷம் வாங்க சார்."

அவர் அந்த அறைக்குள் கால் வைத்து எத்தனையோ வருடம் இருக்கும். துலக்கியது மேலே வரும், அவர் பார்ப்பார், அவ்வளவுதான். நொட்டாங்கை எழுந்து சுவரோரம் நின்றுகொண்டான். இரண்டு மேஜைகளையும் காட்டினேன். இரண்டிலும் விளக்கு வலது பக்கம் திருகி வைத்திருக்கிறது. திருகு துருவேறி மேஜையோடு ஒட்டிப்போய்விட்டது.

"என் வீட்டுக்காரர் நாற்காலியில உக்காருங்க சார். பிரஷ்ஷை எடுத்துப் பிடிங்க."

உட்கார்ந்தார். விளக்கைப் போட்டேன். வலது கையில் பிடித்தார். கையின் நிழல் மணல் தட்டு முழுக்க விழுந்தது. பல் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. இடது கைக்கு மாற்றினார். தட்டு வெளிச்சமானது.

"பதினாறு வருஷம்," என்றார். "நான் கையெழுத்தைத்தான் பாத்திருக்கேன்."

என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாமல் போனதைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. நொட்டாங்கை மூக்கை உறிஞ்சினான். கொம்பர் நாற்காலியிலிருந்து எழுந்து அதை மேஜைக்கடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்தார்.

வெளியே வந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இப்ப அந்தப் பையன்கிட்ட நான் என்ன சொல்றது?"

"மன்னிச்சுக்கோன்னு சொல்லுங்க சார்."

"அது தெரியும். அதுக்கு அப்புறம்?"

மார்ச் 4, செவ்வாய்

தூங்கினேன். விடிந்து வெகுநேரம் கழித்து மாமா கதவைத் தட்டினார்.

மார்ச் 21, வெள்ளி

பன்னிரண்டாம் தட்டை விட்டுவிட்டுப் பதின்மூன்றையும் பதினாலையும் பார்த்து முடித்தேன். அதே குகை, அதே சின்ன மான். நொட்டாங்கை துலக்கியவை. கீறல் அங்கொன்று இங்கொன்று. மற்றபடி குழி, குழி, குழி. ஒரு பல்லில் பட்டை கடித்த மாதிரி, அடுத்ததில் கெட்டி இலை, இன்னொன்றில் ஏதோ கொட்டை. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. புல் மேய்ந்த மந்தை இல்லை இது. கிடைத்ததைத் தின்ற கூட்டம்.

அப்படியென்றால் பல் ஏன் உயர்ந்தது? எனக்கு ஒன்று தோன்றுகிறது. கால் குட்டையானதும் வாய் தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தின்றதெல்லாம் புழுதியோடு தின்றிருக்கும். புழுதி பல்லைத் தின்னும். உயரமான பல் இருந்தது பிழைத்தது. கொம்பரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கண்டதையும் தின்னிருக்குங்க," என்றார். கட்டுரையின் தலைப்பை அடித்தார். "நான் இத்தனை வருஷம் இதுங்களுக்குப் புல்லை ஊட்டிக்கிட்டு இருந்திருக்கேன்." கொஞ்சம் சிரித்தார்கூட.

பிடித்ததைத் தேடித் தின்ற மான்கள் முன்பே போயிருக்கும். ருசி பார்க்காமல் தின்றவை கொஞ்ச காலம் கூட இருந்திருக்கின்றன. அதற்கு மேல் இதைப் பற்றி யோசிக்க விருப்பமில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நொட்டாங்கைக்கு ஒப்பந்தம் புதுப்பித்தாகிவிட்டது. கொம்பர் தானே உள்ளறைக்குப் போய்க் கொடுத்தாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை அண்ணி. விளக்கு வெளிச்சம் பத்துதான்னு கேட்டாரு. அதையே மூணு தடவை கேட்டாரு."

கட்டுரையில் ஒரு வரி: துலக்கும்போது ஏற்பட்ட கீறல்களால் ஒரு தட்டுப் பற்கள் சேர்க்கப்படவில்லை. யார் என்று இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் துலக்கியவர்கள் இருவர் பெயரும் இருக்கிறது. எடுத்துவிடட்டுமா என்று கொம்பர் கேட்டார். வேண்டாம், அது எப்போதும் இருக்கும் இடம்தானே என்றேன்.

மாமா இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருக்கிறார். முழங்கால் என்கிறார். மார்க்கெட் வரைக்கும் நடந்து போய் வருகிற முழங்கால்தான்.

என் வீட்டுக்காரர் டிராயரைக் காலி செய்தேன். பிரஷ்ஷை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மே 4, ஞாயிறு

காலையில் மாமா ஷூ மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "வர்றியா?" என்றார். எங்கே என்று கேட்கவில்லை.

பஸ் ஓட்டுநர் கியர் மாற்றும் விதம் சரியில்லை என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். காவலாளி எங்களைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார். மாமா எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.

"ஒவ்வொரு எலும்பும் என் பையன் துலக்கினது," என்றார். "ஒரு கீறல் இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். குழந்தையும் பார்த்தது. இல்லை என்றார்.

"இதுல இருக்காது. கடைசியா ஒரு தட்டு துலக்கினான், அதுல கீறிட்டான். அப்ப அவனுக்குக் கண்ணு தெரியலை. எங்ககிட்ட சொல்லலை. இன்னும் சுத்தம் பண்ணணும், இன்னும் சுத்தம் பண்ணணும்னே இருந்திருக்கான்."

அந்த மனிதர் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கினார். "நல்லா துலக்கியிருக்காருங்க," என்றார்.

"ஆமா," என்றார் மாமா. "நல்லா துலக்குவான்."

பிறகு கீழே கேன்டீனுக்குப் போனோம். அவர் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். சூப் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன்.

"உப்பு ஜாஸ்தி மாமா," என்றேன்.

அவர் கரண்டி பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தார். தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா. ரொம்ப ஜாஸ்தி," என்றார்.